இறந்துபோன அப்பாவுக்காக ஜெபிக்கலாமா? உத்தரிக்கிற ஸ்தலம், வேதம், சபையின் அதிகாரம்

கலங்கரை
எல்லோருக்கும் வணக்கம். அப்பா இறந்து நாற்பது நாள் ஆகிறது. கடைசி வரை கத்தோலிக்கராகவே இருந்தவர். நான் கல்யாணத்துக்குப் பிறகு கணவருடைய சபைக்கு வந்து, ஞானஸ்நானம் எடுத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. தம்பி இன்னும் கத்தோலிக்கன்தான். வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவின் ஆத்துமாவுக்காகப் பூசை கேட்டிருக்கிறான். "நீயும் வாக்கா, ஒரு வேண்டுதல்தானே" என்கிறான்.

சபையில் ஒரு மூப்பரிடம் கேட்டேன். "செத்தவர்களுக்காக ஜெபிப்பது பாவம். உங்க அப்பா எங்கே போகணுமோ அங்கே போய்ச் சேர்ந்துட்டார்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்பாவின் ஜெபப்புத்தகத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. நாலாக மடித்து, மடிப்பு கிழிந்து, கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியது. முழுக்க இறந்தவர்களின் பெயர்கள். முதல் சில பெயர்கள் நீல மையில், அப்புறம் கறுப்பு, கடைசியில் நடுங்கின கையெழுத்தில் பென்சில். தினமும் ராத்திரி படுக்கப் போகும்முன் அதை வாசிப்பார். சின்ன வயதில் எனக்கு அது தாலாட்டு மாதிரி. இப்போது அவர் பெயரை அதில் எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சண்டை வேண்டாம். தெரிந்தவர்கள் நிதானமாகச் சொல்லுங்கள்.

பெரோயா
சகோதரி, உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். அந்த மூப்பர் பேசிய விதம் சரியில்லை. ஆனால் விஷயத்தை மறைக்காமல் சொல்வதுதான் உங்களுக்கு நான் காட்டும் அன்பு.

"ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும், மனுஷருக்கு நியமிக்கப்பட்டிருக்கிறபடியே" என்று எபிரெயர் 9:27 சொல்கிறது. நடுவில் ஆத்துமா சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று இன்னொரு இடம் இல்லை. சிலுவையில் தொங்கின கள்ளனை நினைத்துப் பாருங்கள். உத்தரிக்க அவனுக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் இயேசு. "முடிந்தது" என்று அவர் சொன்ன பிறகு, மீதிக் கடனை நாம் அடைக்க வேண்டும் என்றால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? எனக்கு இந்த உபதேசத்தில் வலிப்பது இதுதான். அது கிறிஸ்துவின் பலியைக் குறைக்கிறது.

உங்கள் அப்பா கிறிஸ்துவை விசுவாசித்திருந்தால் அவருக்கு உங்கள் ஜெபம் தேவையில்லை. தேவைப்படுகிறவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள்.

அகல்விளக்கு
மகளே, நான் முப்பது வருஷம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவன். முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுகிறேன். பெரோயா தம்பி எதிர்க்கிற உபதேசத்தை நானும் ஏற்கமாட்டேன். அது திருச்சபையின் போதனையும் இல்லை.

உத்தரிக்கும் தலம் என்பது மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் இருக்கிற மூன்றாவது ஊர் இல்லை. கிறிஸ்து கட்டாமல் விட்ட பாக்கியை நாம் கட்டுகிற கவுண்டரும் இல்லை. அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் மீட்கப்பட்டவர்கள். அதில் ஒருவர்கூட நரகத்துக்குப் போவதில்லை. தீட்டுள்ளது எதுவும் அந்த நகரத்துக்குள் நுழையாது என்று வெளிப்படுத்தல் 21:27 சொல்கிறது. நாமோ சாகும்போதும் பாதி கோபத்தோடும் பாதி தற்பெருமையோடும்தான் சாகிறோம். அந்த அழுக்கை எடுப்பதும் கிறிஸ்துவின் இரத்தம்தான். 1999-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இது ஓர் இடமல்ல, ஒரு நிலை என்று விளக்கினார். 2007-இல் பதினாறாம் பெனடிக்ட், அந்த நெருப்பு கிறிஸ்துவாகவே இருக்கலாம், அவரைச் சந்திக்கும் அந்தப் பார்வையே நம்மைச் சுட்டுச் சுத்தமாக்குகிறது என்று இக்கால இறையியலாளர் சிலர் சொல்வதை எடுத்து விளக்கினார்.

வேத ஆதாரம் கேட்டால் 1 கொரிந்தியர் 3. உங்கள் மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன்: "ஒருவன் கட்டினது வெந்துபோனால், அவன் நஷ்டமடைவான், அவனோ இரட்சிக்கப்படுவான், அதுவும் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோலிருக்கும்." இரட்சிக்கப்படுகிறான், ஆனாலும் நெருப்பு உண்டு. நரகத்தில் யாரும் இரட்சிக்கப்படுவதில்லை, மோட்சத்தில் யாரும் நஷ்டமடைவதில்லை. அப்படியானால் பவுல் எதைப் பற்றிப் பேசுகிறார்?

பெரோயா
ஐயா, அதே அதிகாரத்தை 5-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பவுல் யார், அப்பொல்லோ யார் என்றுதான் பேச்சே தொடங்குகிறது. அஸ்திபாரத்தின்மேல் கட்டுகிறவர்கள் ஊழியர்கள். "அவனவனுடைய வேலைப்பாடு எத்தன்மையுள்ளதென்று அக்கினியானது பரிசோதிக்கும்" என்று இருக்கிறது. அக்கினி சோதிப்பது வேலையை. ஆளைச் சுத்திகரிப்பதாக ஒரு வார்த்தை இல்லை. அதுவும் "நாளானது அதை விளங்கப்பண்ணும்" என்பதால் அது நியாயத்தீர்ப்பு நாள், சாவுக்கும் அந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் அல்ல. எரிகிற வீட்டிலிருந்து உடுத்தின துணியோடு ஓடிவருகிறவன் மாதிரி தப்புவான் என்று சொல்கிறார், அவ்வளவுதான்.

அகல்விளக்கு
நல்ல வாசிப்பு தம்பி. ஊழியர்களைப் பற்றி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தான் கட்டினது கண்முன்னால் எரிவதைப் பார்க்கிறவன், பார்த்த பிறகும் பழைய ஆளாகவே இருப்பானா? அந்த வசனம் மட்டும் போதும் என்று நானும் சொல்லமாட்டேன். 2 மக்கபேயர் 12 இருக்கிறதே. போரில் விழுந்த தன் வீரர்களுக்காக யூதா மக்கபே பணம் திரட்டி, பாவம் போக்கும் பலி செலுத்த எருசலேமுக்கு அனுப்பினார். இறந்தோருக்காக வேண்டுவது நல்லது என்று பாராட்டி எழுதியிருக்கிறது.

பெரோயா
அந்தப் புத்தகம் எங்கள் வேதாகமத்தில் இல்லை. இருந்தாலும் உங்களுக்கு உதவாது. அந்த வீரர்கள் ஏன் செத்தார்கள் என்று அந்த அதிகாரமே சொல்கிறது: உடைக்குள் யம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்துகளை மறைத்து வைத்திருந்தார்கள். விக்கிரக ஆராதனை உங்கள் போதனைப்படி சாவான பாவம். சாவான பாவத்தோடு செத்தவனுக்கு உத்தரிக்கும் தலம் இல்லையே.

நேர்வழி
இதெல்லாம் போப் பணம் பிடுங்கக் கண்டுபிடித்தது. வேறு ஒன்றும் இல்லை.

நெறியாளர்
நேர்வழி, இழையைத் தொடங்கியவர் அப்பாவை இழந்து நாற்பது நாள்தான் ஆகிறது. ஆதாரத்தோடு எழுதுங்கள், இல்லையென்றால் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய ஏடு
நான் லூத்தரன். சபை வரலாறு படிப்பதும் படிப்பிப்பதும் என் வேலை. நேர்வழி சொன்னதில் பாதிக்கு வரலாறு உண்டு, பாதிக்கு இல்லை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் புகுந்தது உண்மை. இறந்தவர்களின் ஆத்துமாக்களுக்கும் பாவத்தண்டனைக் குறைப்புப் பலன் உண்டு என்று திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் 1476-இல் அறிவித்தார். அடுத்த நாற்பது வருஷத்தில் அது வியாபாரமாகி, 1517-இல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூதரின் 95 கூற்றுகளில் போய் வெடித்தது. பெட்டியில் காசு கிணுங்கியதும் ஆத்துமா பறந்துபோகும் என்ற பிரசங்கத்தை 27-ஆம் கூற்றில் தாக்குகிறார். கத்தோலிக்க ஆயர்கள் கூடின திரெந்து சங்கமே 1563-இல், இந்த விஷயத்தில் அசிங்கமான ஆதாயத்தின் வாடை வீசுகிற எதையும் ஆயர்கள் தடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோய் இல்லாத இடத்தில் மருந்து எழுதமாட்டார்கள்.

ஆனால் இறந்தவர்களுக்காக ஜெபிப்பது போப் கண்டுபிடித்ததா? இல்லவே இல்லை. கி.பி. 203-இல் கார்த்தேஜில் சிறையில் இருந்த பெர்பெத்துவா என்ற இளம்பெண் தன் கையாலேயே எழுதியதாகச் சொல்லப்படும் குறிப்பு இருக்கிறது. அவளுடைய தம்பி ஏழு வயதில் முகத்தில் புற்று வந்து செத்துப்போனவன். கனவில் அவனைப் பார்க்கிறாள். ஒரு தண்ணீர்த் தொட்டி; அதன் விளிம்பு அவன் உயரத்துக்கு மேல்; எட்டி எட்டிப் பார்க்கிறான், தாகத்தோடு. அவள் இரவும் பகலும் அவனுக்காக அழுது ஜெபிக்கிறாள். மறுபடி கனவு. இப்போது தொட்டியின் விளிம்பு அவன் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கிறது. முகத்தில் புண் இல்லை, தழும்பு மட்டும். குடிக்கிறான், குடித்துவிட்டுக் குழந்தைகள் விளையாடுவது மாதிரி விளையாடப் போகிறான். கனவை வைத்து உபதேசம் கட்ட முடியாது, சரி. ஆனால் மிருகங்களுக்குப் போடப்படக் காத்திருந்த ஒரு பெண் செத்துப்போன தம்பிக்காக ஜெபித்தாள். அதை எழுதிவைத்த சபை வெட்கப்படவில்லை.

இன்னொரு சாட்சி, ஏறக்குறைய 211-இல் அதே கார்த்தேஜில் எழுதின கிறிஸ்தவ ஆசிரியர் தெர்த்துல்லியன். இறந்தவர்களுக்காக ஆண்டு நினைவு நாளில் காணிக்கை செலுத்துகிறோம் என்று எழுதுகிறார். உடனே அவரே சொல்கிறார்: இதற்கு வேத வசனம் கேட்டால் கிடைக்காது, மரபுதான் காரணம்.

இந்த ஒரு இடத்தில் நம் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. அகல்விளக்கு ஐயா "பார், எவ்வளவு பழசு" என்பார். பெரோயா "பார், வசனம் இல்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆகவே கேள்வி உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றியது மட்டும் இல்லை. எழுத்தில் இல்லாததைச் சபை சொல்லலாமா என்பதுதான் அடியில் கிடக்கிறது.

1519-இல் லைப்சிக் நகரத்தில் லூதருக்கும் ரோமாபுரித் தரப்பு இறையியலாளர் யோகான் எக்குக்கும் நடந்த வாதமும் இப்படியே திரும்பியது. அப்போது லூதர் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்றே நம்பினார்! வேதத்திலிருந்து நிரூபிக்க முடியாது என்பதுதான் அவர் சொன்னது. எக் மக்கபேயரை எடுத்தார். அது அங்கீகரிக்கப்பட்ட வரிசையில் இல்லை என்றார் லூதர். சபை ஏற்றிருக்கிறதே என்றார் எக். ஒரு புத்தகத்துக்குத் தன்னில் இல்லாத அதிகாரத்தைச் சபையால் கொடுக்க முடியாது என்றார் லூதர். உத்தரிக்கிற ஸ்தலத்தை வேதத்திலிருந்து நிரூபிக்க முடியாது என்பது, அடுத்த வருஷம் ரோமாபுரி கண்டனம் செய்த 41 வாக்கியங்களில் ஒன்று, 37-ஆவது. உத்தரிக்கிற ஸ்தலத்தையே அவர் வெளிப்படையாக மறுத்து எழுதியது 1530-இல்தான்.

பெரோயா
ஐயா, இதற்கு நன்றி. லூதர் அப்போது நம்பினார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் தெர்த்துல்லியன் என் பக்கம்தான் அதிகம் நிற்கிறார். பழமை உண்மையாகிவிடாது. மத்தேயு 15-இல் பரிசேயரிடமும் பழைய பாரம்பரியம் இருந்தது. "உங்கள் பாரம்பரியத்தினாலே தேவனுடைய கற்பனையை அவமாக்கிவருகிறீர்கள்" என்றார் இயேசு. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். அப்போஸ்தலனுக்கே அந்தச் சோதனை என்றால், சங்கங்களுக்கு இல்லையா?

அகல்விளக்கு
ஒரு விஷயம் காட்டுகிறேன், பொறுமையாகப் பாருங்கள். நீங்கள் சொன்ன மத்தேயு 15-இல் கிரேக்கத்தில் வருகிற சொல் பரடோசிஸ். கையிலிருந்து கைக்கு ஒப்படைக்கப்பட்டது என்று பொருள். பழைய தமிழ் வேதாகமத்தில் அதைப் "பாரம்பரியம்" என்று போட்டிருக்கிறார்கள். இப்போது 2 தெசலோனிக்கேயர் 2:15 எடுங்கள்: "வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது, நாங்கள் உங்களுக்கு உபதேசித்த முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள்." இங்கேயும் அதே பரடோசிஸ்தான்! ஆனால் தமிழில் "முறைமைகள்" ஆகிவிட்டது. இயேசு கண்டிக்கும்போது பாரம்பரியம், பவுல் கட்டளையிடும்போது முறைமை. தமிழில் மட்டும் வாசிக்கிறவனுக்கு வேதம் பாரம்பரியத்தைத் திட்டுவது மட்டும்தான் கண்ணில் படும்.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாம் கையில் பிடித்திருக்கிற வேதமே ஒரு சபையின் கை வழியாகத்தான் நமக்கு வருகிறது. எந்தெந்தப் புத்தகம் உள்ளே என்ற பட்டியல் வேதத்துக்குள் எங்கேயும் இல்லை. 397-இல் கார்த்தேஜ் சங்கம் வைத்த பட்டியலில் மக்கபேயர் இருந்தது.

பழைய ஏடு
அதே காலத்தில் எபிரேயத்திலிருந்து மொழிபெயர்த்த ஜெரோம் அந்தப் புத்தகங்களை உபதேசத்தை நிறுவப் பயன்படுத்தக் கூடாது என்றார். கத்தோலிக்கத் திருச்சபை பட்டியலை விசுவாசக் கோட்பாடாக அறுதியிட்டது 1546-இல், திரெந்தில். லூதர் தான் கேள்வி எழுப்பும்போது மூடின கதவை உடைக்கவில்லை, அது பாதி திறந்தே இருந்தது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரோயா
அந்தக் கிரேக்கச் சொல்லைப் பார்த்தேன். அகல்விளக்கு ஐயா சொன்னது சரி. இனி மத்தேயு 15-ஐ எடுக்கும்போது தெசலோனிக்கேயரையும் சேர்த்தே வாசிப்பேன். ஆனாலும் பவுல் "நாங்கள் உபதேசித்த" என்கிறார். அவர் வாயால் சொன்னதில் உத்தரிக்கிற ஸ்தலம் இருந்தது என்று 1439-இல் கூடி அதை உபதேசமாக அறிவித்த புளோரன்ஸ் சங்கம் எப்படி அறியும்? நூல் நடுவில் அறுந்திருக்கிறதே.

கிழக்குவாசல்
நான் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவன். புளோரன்ஸ் என்றதும் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சங்கம் முதலில் கூடின ஃபெராராவில், 1438-இல், இலத்தீன் தரப்பு இதை முன்வைத்தபோது எங்கள் தரப்புப் பேராயர் எபேசின் மாற்கு எதிர்த்தார். எதை எதிர்த்தார் என்று கவனியுங்கள். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதை அல்ல; எங்கள் வழிபாடு முழுக்க அந்த ஜெபம் நிறைந்து கிடக்கிறது. சுத்திகரிக்கிற நெருப்பு, கழிக்க வேண்டிய தண்டனை, அளந்து தீர்க்கும் கணக்கு, இவற்றைத்தான் மறுத்தார். புளோரன்ஸ் ஆணையில் கடைசியில் நெருப்பு என்ற சொல் இல்லை. திரெந்து ஆணையிலும் இல்லை. உத்தரிக்கும் தலம் இருக்கிறது என்றும், அங்குள்ள ஆத்துமாக்களுக்கு விசுவாசிகளின் வேண்டுதல், குறிப்பாகப் பலிபீடத்தின் பலி உதவும் என்றும் சொல்லி நிறுத்திக்கொண்டது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இந்த இழையில் இரண்டு கேள்விகள் ஒரே முடிச்சாகிக் கிடக்கின்றன. இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்பது ஒன்று. சாவுக்குப் பின் என்ன நடக்கிறது என்று நமக்கு வரைபடம் தெரியுமா என்பது இன்னொன்று. மேற்கில் இரண்டு பேருமே முதல் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டாவதைத் தீர்த்தாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். "எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தானே ஜெபிப்பது" என்கிறீர்கள். பிரயாணம் போன பிள்ளை ரயிலில் இருக்கிறதா, போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத தாய் ஜெபிக்காமலா இருப்பாள்?

பெரோயா
உவமை நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் பிள்ளை உயிரோடு இருக்கிறது. அதில்தான் என் தடை. புதிய ஏற்பாட்டில் யாராவது இறந்தவருக்காக ஜெபித்திருக்கிறார்களா?

பழைய ஏடு
ஒரே ஒரு இடம், அதுவும் உறுதியில்லை. 2 தீமோத்தேயு 1. பவுல் "ஒநேசிப்போருவின் வீட்டாருக்கு" இரக்கம் கேட்கிறார். அவன் எனக்கு உதவினான் என்று இறந்தகாலத்தில் பேசுகிறார். அப்புறம், "அந்நாளிலே அவன் கர்த்தரிடத்தில் இரக்கத்தைக் கண்டடையும்படி, கர்த்தர் அவனுக்கு அநுக்கிரகஞ்செய்வாராக." கடிதத்தின் கடைசியில் வாழ்த்துச் சொல்லும்போதும் வீட்டாருக்குத்தான் வாழ்த்து, அவனுக்கு இல்லை. இறந்திருக்கலாம் என்று பல விரிவுரையாளர்கள் நினைக்கிறார்கள். வெளியூரிலும் இருந்திருக்கலாம். எதையும் இதன்மேல் கட்டமாட்டேன். பாவம் என்று அடித்துச் சொல்லவும் எனக்குக் கை வராது. எங்கள் பக்கத்திலேயே 1531-இல் லூதரின் உடன் ஊழியர் மெலாங்தன், முன்னோர் இறந்தவர்களுக்காக ஜெபித்தார்கள், அதை நாங்கள் தடுக்கவில்லை என்று எழுதிவைத்தார். லூத்தரன் விசுவாச ஆவணங்களில் இன்றும் இருக்கிறது.

கலங்கரை சகோதரி, உங்களுக்கு ஒன்று. 387-இல் ஓஸ்தியாவில், சபைப் பிதா அகஸ்டினின் அம்மா மோனிக்கா செத்துக்கொண்டிருந்தபோது, என் உடலை எங்கேயாவது புதையுங்கள், கர்த்தரின் பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்றார். பல வருஷம் கழித்து அகஸ்டின் அம்மாவுக்காக ஜெபித்து எழுதுகிறார். அந்த ஜெபத்தின் நடுவிலேயே, நான் கேட்பதை நீர் ஏற்கெனவே செய்துவிட்டீர் என்று நம்புகிறேன், ஆனாலும் என் வாயின் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும் என்கிறார். அம்மா தேவனிடம் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டே அம்மாவுக்காக ஜெபித்தவர். சாவுக்குப் பின் சுத்திகரிப்பு உண்டா என்று வேறொரு நூலில் கேட்டபோது, நம்ப முடியாதது இல்லை, ஆராயலாம் என்பதோடு விட்டுவிட்டார்.

கலங்கரை
எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். அகஸ்டின் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். பெரோயா அண்ணா, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா? அன்றைக்கு என்ன செய்தீர்கள்?

பெரோயா
அம்மா. மூன்று வருஷம் ஆகிறது.

உண்மையைச் சொல்கிறேன். அன்று ராத்திரி எல்லோரும் போன பிறகு தனியாக முழங்காலில் நின்றேன். "கர்த்தாவே, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் ஐந்து வருஷம் படுக்கையில் கிடந்தபோது தினமும் சொன்ன ஜெபம் அது, நாக்குக்குப் பழகிப்போயிருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அதற்காக நான் மனஸ்தாபப்படவில்லை. மறுநாளிலிருந்து சொல்லவும் இல்லை.

உத்தரிக்கிற ஸ்தலம் வேதத்தில் இல்லை என்ற என் முடிவு மாறவில்லை. ஒரு சங்கம் சொன்னதால் அதை விசுவாசிக்க என் மனச்சாட்சி இடம் கொடுக்காது. ஆனால் "பாவம்" என்று அந்த மூப்பர் சொன்னாரே, அதற்கும் என்னிடம் வசனம் இல்லை. வசனம் இல்லாததைக் கட்டளையாக்கக் கூடாது என்று ரோமாபுரிக்குச் சொல்கிற நான், அதையே நம் மூப்பர்களுக்கும் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவின் கடன் தீர வேண்டும் என்று ஜெபிக்காதீர்கள், அது தீர்ந்தாயிற்று. அவர் பெயரைக் கர்த்தரிடம் சொல்லாதே என்று நான் சொல்லமாட்டேன்.

அகல்விளக்கு
தம்பி, உங்கள் அம்மாவை இன்று ராத்திரி நினைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் சொல்லுங்கள்.

பெரோயா
வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா.

கலங்கரை
நேற்று அந்தச் சீட்டை மறுபடி எடுத்தேன். டேப் காய்ந்து தானாகவே உரிந்தது. அதற்கு அடியில் மடிப்போரத்தில் ஒரு பெயர் மறைந்திருந்தது, நான் எண்ணின இருபத்து மூன்றில் அது சேரவில்லை. பெயர்கூட இல்லை, "சம்பந்தியம்மா" என்று எழுதியிருந்தார். என் மாமியார். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபைக் கல்லறையில் அடக்கம் செய்தோம். அப்பா அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனார். அதன்பிறகு ஒவ்வொரு ராத்திரியும் அவர் பெயரையும் வாசித்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கணவரிடம் காட்டினேன். அவரும் பெரோயா அண்ணா மாதிரிதான், வசனம் இல்லாமல் அசையமாட்டார். சீட்டை விளக்குப் பக்கம் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "வெள்ளிக்கிழமை பூசை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.